நாலு பேர்... ஒரு கணக்கு!

'நாலு நாலு பேரா சேர்ந்து ஒரு புராஜெக்ட் பண்ணுங்க' என்று மேத்ஸ் சார் சொன்னதும் என்ன நடக்கும்? நல்லா படிக்கிற ஒருத்தர் தலையில் மொத்தமும் விழும். மற்ற மூணு பேரும் பைண்டிங் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு, வைவா அன்றைக்குத்தான் தலைப்பையே படிப்பார்கள். உங்க டீமும் இப்படித்தானா? கொஞ்சம் மாத்திப் பார்க்கலாமே!

முதல் நாளே நாலு பேரும் கையால் போட்டுப் பார்க்க முடிகிற கணக்காக எடுங்கள். உதாரணத்துக்கு, 6174. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த சங்கதி இது. இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நாலு இலக்க எண். அதை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையைக் கழியுங்கள். வரும் விடைக்கும் அதே வேலை. பூஜ்யம் வந்தால் விட்டுவிடக் கூடாது. அதிகபட்சம் ஏழு முறை... 6174-ல் வந்து நின்றுவிடும்! ஏன்?

இங்கேதான் டீம் வேண்டும். 'நீ சாப்டர் ஒண்ணு, நான் சாப்டர் ரெண்டு' என்று பிரித்தால் அன்றைக்கே டீம் காலி. ஒருத்தர் கையால் போட்டுப் பார்க்கட்டும். ஒருத்தர் பைத்தானில் புரோகிராம் எழுதட்டும். ஒருத்தர் நிரூபணம் தேடட்டும். ஒருத்தர் நடப்பதை நோட்டில் எழுதட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் கூடுங்கள். மாட்டிக்கொண்ட இடத்தை மறைக்காமல் சொல்லணும் என்பதுதான் ஒரே சட்டம். 'எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்டா, 5432 போட்டாலும் 3087 வருது, 8765 போட்டாலும் 3087 வருது' என்று ஒருத்தர் புலம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தப்பே இல்லை! பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், நடு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்... விடை இந்த ரெண்டையும் மட்டுமே பொறுத்தது. முதலாவதை 999-ஆலும் அடுத்ததை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் போதும். ஆயிரக்கணக்கான எண்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் 54 வகைதான் மிச்சம். அவர் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால்?

பெரிய ஆட்களும் இப்படித்தான். 2009-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிமோத்தி கவர்ஸ் இணையத்தில் தொடங்கிய 'பாலிமேத்' திட்டத்தில், அரைகுறை யோசனையையும் சொல்லலாம் என்பதுதான் விதி. அடுத்தடுத்த பகா எண் ஜோடிகளில் இடைவெளி 7 கோடிக்குள் இருப்பவை முடிவில்லாமல் உண்டு என்று 2013-ல் யிடாங் ஷாங் நிரூபித்தார். ஜேம்ஸ் மேனார்ட் கண்டுபிடித்த புது வழியும் கைகொடுக்க, 2014-ல் பாலிமேத் கூட்டணி அந்த 7 கோடியை 246-க்கு இறக்கியது.

பெயர் போடும்போது சண்டையா? கணிதக் கட்டுரைகளில் பெயர்களை அகரவரிசையில் போடுவதுதான் பொதுவான வழக்கம். யார் என்ன செய்தார்கள் என்பதை உங்கள் நோட்டு சொல்லும்.

நாலு இலக்கம் முடிந்ததா? ஐந்துக்குப் போங்கள். அது ஒரே எண்ணில் நிற்காது, சில எண்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். 'ஏன்?' என்று வைவாவில் கேட்டால், நாலு பேரில் யார் வேண்டுமானாலும் எழுந்து பதில் சொல்லணும். அப்போதான் அது உங்க புராஜெக்ட்!