பெயரைப் போட்டால் ஜெயில்!
பத்திரிகைப் படிப்பில் கண்டிப்பான பாடம்

மதுரை,

மதுரையில் இருந்து தேனி போகும் ரோட்டில், நாகமலை அருகே இருக்கிறது காமராசர் பல்கலைக்கழகம். 1966-ல் தொடங்கியது. இங்கே பத்திரிகைத் தொழிலும் ஒரு படிப்பு.

"எழுதத் தெரிந்தால் போதாதா? அதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் ஆபீஸ்தான் பள்ளிக்கூடம். புரூப் பார்க்கச் சேர்ந்தவர் சப்-எடிட்டர் ஆவார். திட்டு வாங்கியே தொழில் கற்றார்கள். 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டிப்ளமா வகுப்பு தொடங்கியது. தொழில், வகுப்பறைக்கு வந்தது.

ஆறு கேள்வி

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி? இந்த ஆறு கேள்விக்கும் பதில் வேண்டும். முக்கியமானது முதலில் வர வேண்டும். இடம் இல்லை என்று கடைசி வரியை வெட்டினாலும் செய்தி நிற்க வேண்டும். இது ஆரம்பப் பாடம்.

ஆனால் "யார்?" என்பதற்குப் பதில் தெரிந்தும் எழுதக் கூடாத நேரம் உண்டு. அதைச் சொல்வது சட்டப் பாடம்.

ஊருக்கே தெரிந்தாலும்...

ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். டீக்கடையிலேயே பெயரைச் சொல்லி விடுவார்கள். "ஊருக்கே தெரியும் சார், போட்டால் என்ன?" என்று புதிதாக வந்த நிருபருக்குத் தோன்றும்.

போடக் கூடாது! 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. பெயர், படம், முகவரி மட்டும் அல்ல. குடும்பம், பள்ளிக்கூடம், வசிக்கும் பகுதி எதுவும் வெளியே வரக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஜெயில் அல்லது அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

"பெயரைத்தான் போடலையே" என்று தப்பிக்க முடியாது. "கோவில் தெரு பூக்கடைக்காரரின் 2-வது மகள்" என்று எழுதினால், பெயரைப் போட்டதற்குச் சமம்தான்.

தலா ரூ.10 லட்சம்

2018-ல் ஜம்மு பகுதியில் உள்ள கதுவாவில் 8 வயது சிறுமி கொல்லப்பட்டாள். அவளை அடையாளம் காட்டிய பத்திரிகை, டி.வி. நிறுவனங்கள் தலா ரூ.10 லட்சம் கட்ட வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அனுபவசாலிகளே சறுக்கிய இடம் அது.

இப்போது செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் செய்தி அனுப்புகிறார்கள். சட்டம் அவர்களையும் விடாது.

செய்தி ஒரு நாளில் பழசாகி விடும். கொடுமைக்குத் தப்பிய சிறுமி, நாளைக்கும் அதே தெருவில் நடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும்!