ஒரு அவுன்ஸ்னா எத்தனை கிராம்? அமெரிக்க கஞ்சாக் கடையில் தொடங்கி விசா வரை போகும் கணக்கு

டென்வரில் ஆன்சைட்டில் இருக்கும் நண்பன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். அங்கே சட்டப்படி நடக்கும் ஒரு கஞ்சாக் கடையின் விலைப் பலகை. வரிசையாக 1/8, 1/4, 1/2 என்று போட்டு, கடைசியில் ஒரு அவுன்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே டாலரில் விலை. கீழே அவன் கேள்வி: “மச்சி, இது என்ன, பிரியாணி மாதிரி கால் பிளேட், அரை பிளேட்டா?”

கிட்டத்தட்ட அப்படித்தான். பலகையில் இருப்பது எல்லாமே அவுன்ஸின் பின்னங்கள். ஆனால் அமெரிக்காவின் பல சட்டங்களும் கனடா, ஜெர்மனி, இந்தியச் சட்டங்களும் பேசுவது கிராமில். கடை ஒரு அளவிலும் சட்டம் இன்னொரு அளவிலும் பேசுவதால், இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. முக்கியமாக, விசாவில் இருப்பவர்களுக்கு.

முதலில் கணக்கு

ஒரு அவுன்ஸ் என்பது 28.35 கிராம். துல்லியமாகச் சொன்னால் 28.349523125. இது 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து முடிவு செய்த பவுண்டு எடையிலிருந்து வருகிறது. 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம்.

கடையில் யாரும் தசமம் பார்ப்பதில்லை. 28 என்று வைத்துக்கொள்கிறார்கள். எட்டில் ஒன்று 3.5 கிராம். அதை இரட்டிப்பாக்கினால் கால் அவுன்ஸ், 7 கிராம். இன்னொரு முறை இரட்டிப்பாக்கினால் அரை, 14. மறுபடியும் செய்தால் 28. மூன்றரையை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

இந்த ரவுண்டிங்கில் ஒரு அவுன்ஸுக்கு 0.35 கிராம் போகிறது. பொட்டல லேபிளைக் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். 3.5 கிராம் என்று போட்டு, பக்கத்திலேயே 0.12 அவுன்ஸ் என்று இருக்கும். எட்டில் ஒன்று என்றால் 0.125 வர வேண்டுமே? 3.5-ஐ 28.35-ஆல் வகுத்தால் 0.1235 தான் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெயர்தான் ‘எட்டில் ஒன்று’.

விலையை ஒப்பிட எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றிவிடுவதுதான் வழி. உதாரணத்துக்கு, எட்டில் ஒன்று 30 டாலர், முழு அவுன்ஸ் 160 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 8.57 டாலர், இரண்டாவது 5.71. மொத்தமாக வாங்கினால் மலிவு, நம்ம ஊர் மளிகைக் கடை மாதிரியே. ஆனால் இந்தப் பொருளில் மலிவுக்காக மொத்தமாக வாங்குவதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. அவுன்ஸ் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது தங்கம். ‘சர்வதேசச் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு இத்தனை டாலர்’ என்று தினமும் செய்தி படிக்கிறோமே, அந்த அவுன்ஸ் வேறு. அது ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம், ஏறக்குறைய 3.9 பவுன். அந்தக் கணக்கைக் கஞ்சாவுக்குப் போட்டால் பத்து சதவீதம் தப்பும். கஞ்சா கலந்த பானங்களில் வரும் ஃப்ளூயிட் அவுன்ஸ் இன்னும் வேறு. அது எடையே இல்லை, கொள்ளளவு. 29.57 மில்லி.

ஒரே அவுன்ஸ், ஊருக்கு ஊர் வேறு சட்டம்

இப்போது ஒருவர் பையில் சரியாக ஒரு அவுன்ஸ், 28.35 கிராம் கஞ்சா பூ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 21-க்கு மேல்.

கலிஃபோர்னியாவில் வரம்பு 28.5 கிராம். தப்பித்தார், 0.15 கிராம் வித்தியாசத்தில். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், அங்கேயும் பிரச்சினை இல்லை. நியூயார்க்கில் 3 அவுன்ஸ் வரை அனுமதி. கொலராடோவில், அதாவது நம்ம நண்பன் இருக்கும் மாநிலத்தில், ஒரு அவுன்ஸாக இருந்ததை 2021-ல் 2 அவுன்ஸாக உயர்த்தினார்கள்.

இல்லினாய்ஸ் கொஞ்சம் வித்தியாசம். 2020 ஜனவரி 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது உள்ளூர்க்காரருக்கு 30 கிராம், வெளிமாநிலத்தவருக்கு அதில் பாதி, 15 கிராம் என்று வைத்தார்கள். வார இறுதிக்கு சிகாகோ சுற்றிப் பார்க்கப் போனவர் பையில் ஒரு அவுன்ஸ் இருந்தால் அந்த வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஜெர்மனி இன்னும் சுவாரஸ்யம். 2024 ஏப்ரல் 1 முதல் பொது இடத்தில் 25 கிராம் வரை குற்றமில்லை. 25-க்கு மேல் 30 வரை அபராதம். 30-ஐத் தாண்டினால் கிரிமினல் வழக்கு. அமெரிக்கப் பழக்கத்தில் ‘ஒரு அவுன்ஸ்தானே’ என்று நினைப்பவர் நேராக அபராதப் பகுதியில் போய் நிற்பார்.

பூவாக இல்லாமல் வேறு வடிவில் இருந்தால் கணக்கு மறுபடி மாறும். கனடா இதற்கென்று ஒரு மாற்றுப் பட்டியலே வைத்திருக்கிறது. 1 கிராம் உலர்ந்த பூவுக்குச் சமம், 15 கிராம் தின்பண்டம் அல்லது கால் கிராம் செறிவூட்டிய சாறு. பானத்துக்கு 70 கிராம் என்று முதலில் வைத்திருந்தார்கள். அதன்படி ஒருவர் சாதாரண 355 மில்லி கேன் ஐந்துதான் வைத்திருக்க முடியும். இது ரொம்பக் கஞ்சத்தனம் என்று 2022 டிசம்பரில் 570 கிராமாக மாற்றினார்கள். ஐந்து கேன் ஒரே நாளில் 48 கேன் ஆனது!

விசாவில் இருப்பவருக்கு இன்னொரு எண்

கொலராடோ சட்டப்படி நண்பன் 2 அவுன்ஸ், அதாவது 56.7 கிராம் வரை வைத்திருக்கலாம். ஆனால் அவன் ஹெச்1பி விசாவில் இருக்கிறான். விசா கொடுத்தது கொலராடோ இல்லை, அமெரிக்க ஃபெடரல் அரசு. ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலம் ‘ஓகே’ சொன்னதை குடியேற்றத் துறை கணக்கில் எடுப்பதில்லை.

அந்தச் சட்டத்தில் இருக்கும் எண் 30 கிராம். குடியுரிமை இல்லாத ஒருவர் போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றம். ஒரு அவுன்ஸ் இதற்குள் அடங்கும். இரண்டு அவுன்ஸ் அடங்காது. மாநிலம் அனுமதிக்கும் அளவில் பாதிதான் இந்த விதிவிலக்கு.

‘கொலராடோவில்தான் குற்றமே இல்லையே, தண்டனை எப்படி வரும்?’ என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் டென்வரில் இருப்பவர்கள் வார இறுதியில் எங்கே போவார்கள்? பெரும்பாலும் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்கு. அது ஃபெடரல் நிலம். மாநில அனுமதி அதன் வாசலோடு சரி. விமான நிலையத்தில் பையைச் சோதிப்பதும் ஃபெடரல் ஆட்கள்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், தண்டனையே இல்லாமலும் மாட்டலாம் என்பது. விசா நேர்காணலிலோ, எல்லையிலோ அதிகாரி கேட்கும்போது ‘ஆமா, வாங்கினேன், அங்கே லீகல்தானே’ என்று வெள்ளந்தியாகச் சொன்னால், அந்த ஒப்புதலையே காரணமாக வைத்து உள்ளே விட மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அங்கே 30 கிராம் தானாகக் கை கொடுக்காது. விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், எல்லோருக்கும் அது கிடைக்காது. கிரீன் கார்டு வாங்கி குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. மாநிலத்தில் சட்டப்படி செய்ததாக இருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல்கள் ‘நன்னடத்தை’ தகுதியைப் பாதிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றத் துறை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பதும் இதில் அடக்கம்.

ஒரு மாநிலத்தில் வாங்கியதைக் காரில் பக்கத்து மாநிலத்துக்கோ, கனடாவுக்கோ கொண்டு போவதும் குற்றம். இரண்டு பக்கமும் அனுமதி இருந்தாலும் எல்லையைத் தாண்டக் கூடாது.

ஊருக்கு வரும்போது பையில் கம்மி இருந்தால்?

அங்கே பல வண்ணங்களில், பழ வாசனையோடு விற்கும் கம்மி மிட்டாய்களைப் பார்த்தால் கஞ்சா என்றே தோன்றாது. லேபிளில் கிராம் இருக்காது, மில்லிகிராம் இருக்கும். ஒரு துண்டில் டிஹெச்சி என்ற போதைப் பொருள் 10 மில்லிகிராம், பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்பது பல மாநிலங்களில் உள்ள வரம்பு. 100 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ‘இவ்வளவு சின்ன அளவுக்கு யார் கேட்கப் போறாங்க’ என்று தோன்றும்.

இந்தியாவில் கணக்கு அப்படிப் போகாது. போதைப்பொருள் கலவையாக இருந்தால் அதில் உள்ள போதைப் பொருளை மட்டும் அல்ல, கலவையின் மொத்த எடையையும் பார்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து கம்மி இருக்கும் பொட்டலம் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்ந்த அந்த 40 கிராமும் எடைக்கு வரும். லேபிளில் இருந்த எண்ணைப் போல 400 மடங்கு.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை ‘சிறிய அளவு’, 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. சாறாக எடுத்த சரஸ், ஹஷிஷ் என்றால் சிறிய அளவு 100 கிராம்தான், வணிக அளவு 1 கிலோ. சிறிய அளவு என்பதால் விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

இவ்வளவையும் டைப் செய்து அனுப்பினேன். இரண்டு ப்ளூ டிக் விழுந்தது. பத்து நிமிடம் கழித்து பதில்: “நான் கேட்டது 1/8-னா என்னன்னு மட்டும்தான்டா.” 3.5 கிராம் என்று திரும்ப அனுப்பினேன்.