களத்துக்குப் பின்னால் – 7: காற்றைப் பங்கிடும் முறை

சென்ற இதழில், 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்னும் ஊரையடுத்த காட்டில், மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாள வர்ணம் இடுவதற்கென்று செய்யப்பட்ட துப்பாக்கிகளை ஏந்திக்கொண்டு பன்னிரண்டு பேர் ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து பெயிண்ட்பால் என்ற விளையாட்டு பிறந்த வரலாற்றைப் பார்த்தோம். அந்தத் துப்பாக்கிகளில் குண்டை உந்தித் தள்ளியது 12 கிராம் கரியமிலவாயு அடைத்த சிறு குப்பி. அதன் இடத்தைப் பிற்காலத்தில் சாதாரணக் காற்று எவ்வாறு பிடித்துக்கொண்டது, அந்தக் காற்றைக் கடலில் மூழ்குவோரின் சிலிண்டரிலிருந்து விளையாட்டுக்காரர்கள் எவ்வாறு பெறுகிறார்கள் என்பதே இவ்வார விஷயம்.

கரியமிலவாயு குப்பிக்குள் திரவமாக இருக்கிறது. ஆகையால் அதன் அழுத்தத்தை நிர்ணயிப்பது குப்பியில் மிச்சமுள்ள அளவன்று, உஷ்ணமே. 20 டிகிரி செல்ஷியஸில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 830 பவுண்டாக இருக்கும் அழுத்தம், நீர் உறையும் குளிரில் 500 பவுண்டளவுக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு, விரைந்து சுடும்போது திரவம் ஆவியாகி ஆவியாகிக் குப்பியே குளிர்ந்துபோவதால், காலையில் நேராகச் சென்ற குண்டு மாலையில் பாதி வழியில் விழுவதும், திரவமே துப்பாக்கிக்குள் புகுந்து உள்ளுறுப்புகளைக் கெடுப்பதும் சகஜமாயின. காற்றுக்கு இந்தச் சபலம் இல்லை. 3000 அல்லது 4500 பவுண்டு அழுத்தத்தில் அடைத்து, டாங்கின் கழுத்திலேயே ஒரு ரெகுலேட்டரைப் பொருத்தி, ஏறத்தாழ 800 பவுண்டாகக் குறைத்து வெளியே விட்டால், முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்கின்றன.

அழுத்தத்தை அடக்கி, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் கொடுக்கும் இந்த உபாயம் கடலோடும் தொடர்புள்ளது. 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் நீரில் மூழ்குவோருக்கான சுவாசக் கருவியை உருவாக்கியபோது, பெட்ரோல் பஞ்சத்தினால் கரிவாயுவில் ஓட்டப்பட்ட மோட்டார் வண்டிகளுக்காகக் காஞான் அமைத்திருந்த வால்வே அதற்கு ஆதாரமாயிற்று. யுத்த காலத்தில் நம் சாலைகளில் கரி பஸ்கள் ஓடிய கதையைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்களுக்கு இந்தச் சம்பந்தம் வியப்பும் மகிழ்ச்சியும் தரும் என்று நம்புகிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். மூவாயிரம் பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் விலை மிகுந்த சாதனம், எல்லோரும் வாங்கக்கூடியதன்று. கடலில் மூழ்குவோருக்கான ஸ்கூபா கடைகளிலோ அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அமெரிக்காவில் சிறு மைதானம் நடத்துவோரும், நண்பர்களாகக் கூடி ஆடுவோரும், ஸ்கூபா சிலிண்டர் ஒன்றைக் கடையில் நிரப்பிக்கொண்டு வந்து, அதன் வாயில் ஒரு ஹோஸும் கேஜும் காற்றை வெளியேற்றும் சிறு திருகும் அடங்கிய இணைப்பை மாட்டி, தங்கள் சிறிய டாங்குகளை அதிலிருந்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று.

இதில் பம்பு இல்லை, மோட்டார் இல்லை. வாய்க்காலால் இணைந்த ஏரியும் குட்டையும் ஒரே மட்டத்துக்கு வந்தவுடன் நீரோட்டம் நின்றுவிடுவதைப்போல, இரண்டு பாத்திரங்களிலும் அழுத்தம் சமமானவுடன் காற்று நின்றுவிடுகிறது. இந்த எளிய உண்மையைக் கணக்கிட்டுப் பார்க்காதவர்கள்தான், சிலிண்டரில் இன்னும் எவ்வளவோ காற்று இருக்கும்போதே டாங்கு நிரம்பவில்லையே என்று மனம் வருந்துகிறார்கள்.

கணக்கு இதுதான். பரவலாகப் புழங்கும் அலுமினிய ஸ்கூபா சிலிண்டரின் உட்கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 48 கன அங்குல டாங்கைப்போல் அது ஏறத்தாழ 14 மடங்கு. எனவே வெறும் டாங்கு ஒன்றை நிரப்பும் ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் அழுத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு குறையும். 3000 பவுண்டுச் சிலிண்டர் முதல் டாங்குக்கு 2800 கொடுக்கும், இரண்டாவதற்கு 2613, மூன்றாவதற்கு 2439. பத்தாவது ஆள் வரும்போது அவனுக்குக் கிடைப்பது 1500 சொச்சம். காற்றில் பாதி இன்னும் சிலிண்டரிலேயே இருக்கிறது. ஆயினும் அவனுக்கு அரை டாங்குதான்.

இரண்டு சிலிண்டர்கள் இருந்தால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது; ஆனால் எதை முதலில் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றில் 2000 பவுண்டும் மற்றொன்றில் 3000 பவுண்டும் இருப்பதாகக் கொள்வோம். அவசரக்காரன் நேரே நிறைந்ததைத் திறப்பான். அவனுக்கு 2800 கிடைக்கும், சிலிண்டரும் 200 பவுண்டு இழக்கும். விவரம் தெரிந்தவனோ குறைந்ததை முதலில் திறந்து டாங்கை 1867 வரை ஏற்றிக்கொண்டு, அதை மூடிவிட்டு, பிறகே நிறைந்ததைத் திறப்பான். அவனுடைய டாங்கு 2924-ஐ எட்டும். நிறைந்த சிலிண்டர் இழப்பது 76 பவுண்டு மட்டுமே. தளர்ந்த சிலிண்டரும் பயன்பட்டது, வலுவுள்ளதும் காப்பாற்றப்பட்டது. மூன்று சிலிண்டர்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு இவ்வாறே படிப்படியாக ஏறிச் செல்பவர்கள் நாள் முழுதும் பலருக்கு நிறைவாகக் கொடுக்க முடிகிறது. பெரிய சிலிண்டர் ஒன்றை வாங்குவதைக் காட்டிலும் நடுத்தரமானவை இரண்டை வாங்குவதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மேலே சொன்ன எண்களெல்லாம் உஷ்ணம் மாறாதிருந்தால் பொருந்துபவை. உண்மையில் டாங்குக்குள் காற்று நெருக்கப்படும்போது சூடேறுகிறது. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தவன் கேஜில் முள் உச்சிக்குப் போவதைப் பார்த்து மகிழ்ந்து மூடிவிடுவான். டாங்கு ஆறியதும் முள் இறங்கியிருக்கும். அந்த ஏமாற்றம் அற்பம். அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. டாங்குக்குள் காற்று புகும் நிப்பிளில் எண்ணெய்ப் பிசுக்கோ கிரீஸோ ஒட்டியிருந்தால், திடீரென்று நெருக்குண்ட காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றுவதுபோலவே பற்றிக்கொள்ளக்கூடும். ஆகையால் நிப்பிளைச் சுத்தமான துணியால் துடைப்பதும், வால்வை மெள்ள மெள்ளத் திறப்பதும், முடிந்தபின் முதலில் சிலிண்டரை மூடி, அடுத்து ஹோஸில் சிக்கிய காற்றைத் திருகின் வழியே வெளியேற்றி, அதற்குப் பிறகே இணைப்பைக் கழற்றுவதும் ஒருபோதும் மீறலாகாத சம்பிரதாயங்கள். சாதாரணக் காற்றைத் தவிர வேறெதையும், முக்கியமாகப் பிராணவாயுவையோ, பிராணவாயு மிகுதியாகக் கலந்த ஸ்கூபா வாயுவையோ அடைக்கவே கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். 4500 பவுண்டுக்கான டாங்கை 3000 பவுண்டுச் சிலிண்டரிலிருந்து நிரப்பினால் அது குறையாக நிரம்பும், தீங்கில்லை. தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் 4500 பவுண்டுச் சிலிண்டரைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து 3000 பவுண்டு டாங்கை நிரப்பும்போது, கேஜிலிருந்து கண்ணை எடுப்பவன் தன் பக்கத்தில் நிற்பவனின் உயிரோடும் விளையாடுகிறான். டாங்கிலுள்ள தகடு கிழிந்து காற்றை வெளியேற்றிக் காப்பாற்றும் என்று நம்பி அளவு மீறுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்தத் தகடு விபத்துக்காக வைத்தது, வழக்கத்துக்காக அன்று.

ஒவ்வொரு டாங்கிலும் கடைசியாகச் சோதிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் அலுமினியச் சிலிண்டர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சோதனை கட்டாயம். கெடு தாண்டியதை நேர்மையான கடைக்காரர் தொடமாட்டார். 3000 பவுண்டுச் சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்பி 5000 பவுண்டு வரை அழுத்தி, உலோகம் எவ்வளவு விரிந்து எவ்வளவு மீள்கிறது என்று அளக்கும் அந்தச் சோதனையைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)