மேலதிகாரி சொன்னார் என்பது பதிலாகாது

சீருடைப் பணியாளர் தேர்வில் வென்று பயிற்சிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கவாத்தோடு சட்டமும் கற்றுத்தருகிறார்கள். பலருக்கு அது தேர்வுக்கான மனப்பாடம்தான். காவல் நிலையத்தில் சேர்ந்ததும், "செக்‌ஷன் எல்லாம் ரைட்டர் பார்த்துக்குவார், நீ ஆளைக் கூட்டிட்டு வா" என்று மூத்தவர்கள் சொல்ல, படித்த கொஞ்சமும் மறந்துபோகிறது. ஆனால் விவகாரம் முற்றினால் கூண்டில் நிற்பது நிலைய எழுத்தரான ரைட்டர் மட்டுமல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் ஆய்வாளர் தொடங்கிக் காவலர்கள் வரை ஒன்பது பேர் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அவ்வளவு பெரிய வழக்கை விடுங்கள். தினமும் வரும் சைக்கிள் திருட்டை எடுத்துக்கொள்வோம். பழைய சைக்கிள், மூவாயிரம் ரூபாய் பெறும். யாரோ ஒரு பையனைக் கைகாட்டுகிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமே அல்ல. புலன்விசாரணை தொடங்கவே குற்றவியல் நடுவரின் உத்தரவு வேண்டும். முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்தப் பையனை ராத்திரி முழுக்க நிலையத்தில் உட்கார வைத்தால் அது சட்டவிரோத அடைப்பு; ஓராண்டு வரை சிறை. 'உண்மையை வரவழைக்க' லத்தியை எடுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவு; ஏழாண்டு வரை சிறை. சைக்கிளைத் திருடியவனைவிடப் பிடித்தவருக்குத் தண்டனை அதிகம்!

அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் வழக்குக்காவது பயன் உண்டா? அதுவும் இல்லை. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டுமே செல்லும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3)ஆவது பிரிவு.

பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று எழுத வேண்டும். அவசியமில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். இதை மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் பாயும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாலும் செல்லாது.

கைது என்று முடிவானால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகவே தர வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண் என்றால், சூரியன் மறைந்த பின் விதிவிலக்கான சூழலில், நடுவரின் முன் அனுமதியோடு, பெண் காவலர் மூலமாகத்தான் கைது.

இத்தனையிலும் அதிகம் மீறப்படுவது 24 மணி நேரக் கெடுதான். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. திங்கள் மாலை ஆளைக் கொண்டுவந்து, செவ்வாய் மாலை கைது என்று எழுதி, புதன்கிழமை ரிமாண்டுக்குக் கொண்டுபோவது பழைய பழக்கம். எழுந்து போக முடியாதபடி ஒருவரை நிறுத்திய நொடியிலிருந்தே கணக்கு தொடங்குகிறது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நிலையக் கேமராவும் செல்போன் டவரும் அந்த நொடியைக் காட்டிக்கொடுக்கும்.

"ஐயா சொன்னார், செய்தேன்" என்றால்? சட்டப்படியான உத்தரவுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. மேலதிகாரியின் கட்டளை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2011இல் பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுத்துச் சொன்னது. இளம் காவலர் மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் ஆள் வந்த நேரத்தை உள்ளபடி எழுதலாம். காயம் இருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். நீதிபதி கேட்டால் கண்டதைச் சொல்லலாம். சாத்தான்குளத்தில் நடந்ததை விசாரிக்க வந்த நடுவரிடம் வாய்திறந்தவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். வேறு. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் நடுவரிடம் மனு செய்யுங்கள். ஆளைக் கொண்டுபோய் விவரம் சொல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு. ரிமாண்டின்போது அடிபட்ட இடத்தை நடுவரிடம் காட்டிச் சொல்லத் தயங்காதீர்கள். ஒடிசாவில் காவலில் மகனை இழந்த தாய் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பும் கிடையாது.