கடைமனை வரலாறு: மணப்பாட்டை நடுவாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சி

கோயிலுக்கு வரலாறு உண்டு. கோட்டைக்கு வரலாறு உண்டு. கடைக்கும் வரலாறு உண்டோ என வினவுவார் உளர். கோயில் எடுத்தவன் தன் பெயரைக் கல்லில் வெட்டுவித்தான். கோட்டை எடுத்தவனைப் புலவன் பாடினான். கடை வைத்தவனோ தன் வரவு செலவை ஏட்டில் எழுதினான். ஏடு நிரம்பியதும் அதனைப் பரணில் இட்டான். ஆதலின் ஊர்களின் அன்றாட வாழ்வு கடைவீதியை ஒட்டியே நடந்ததாயினும், கடைகள் நின்ற மனைகளின் வரலாறு ஆராய்வாரின்றிக் கிடக்கின்றது. பல்பொருள் அங்காடி என இன்று நாம் வழங்கும் பெருங்கடைகளும், அவற்றிற்கு முற்பட்ட கிட்டங்கிகளும் பண்டசாலைகளும் நின்ற இடங்களை எவ்வகைச் சான்றுகளால் துணிவது என்பதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு முத்துக்குளித்துறையைச் சார்ந்த மணப்பாட்டை நடுவாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அவ்வூரின் சமய வரலாற்றில் ஆண்டுகள் தெளிவாக நிற்கின்றன. கடலிற் பாய்மரம் முறியத் தப்பிப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பல் தலைவனொருவன் 1540-ஆம் ஆண்டில் மணற்குன்றின்மேற் சிலுவை நட்டான் என்பது ஊர் மரபு. சவேரியார் 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்தார். அவர் தங்கியதாகக் கூறப்படும் குகை இன்றும் வழிபாட்டிற்குரியது. திருச்சிலுவைக் கோயிலுக்கு 1581 என்னும் ஆண்டு உண்டு. ஆயின், அவ்வூர்ப் பெருவீடுகளை எழுப்பிய செல்வம் எந்தக் கடையில், எந்தத் தெருவில் ஈட்டப்பட்டது என்று வினவினால், ஆண்டும் இல்லை, இடமும் இல்லை. அவ்வீடுகளுக்கு ஈடான கடைவீதியும் ஊரில் இல்லை. மாளிகை இங்கிருக்கக் கடை எங்கிருந்தது என்பதே நம் வினா.

1. சொற் சான்று

கடைமனை ஆராய்ச்சிக்கு முதற் சான்று சொல். விற்குமிடத்தைக் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அங்காடி என்பது மிகப் பழையது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகின்றது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட வெளியில், மரநிழலில் அமைந்த நாளங்காடியைக் கூறுகின்றது. பிற்காலப் பேச்சுவழக்கில் தமிழர் இச்சொல்லைப் பெரிதும் விடுத்துக் கடை என்பதனையே கொண்டனர். மலையாளமும் கன்னடமும் அதனைப் பேச்சிலேயே காத்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டில் நியாயவிலை அங்காடி, பல்பொருள் அங்காடி எனும் தொடர்களால் அச்சொல் தமிழில் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே, இன்றைய கடையொன்றின் பலகையில் அங்காடி எனக் காண்பது பழைய அங்காடியின் தொடர்ச்சிக்குச் சான்றாகாது, புதுவழக்கிற்கே சான்றாகும்.

கடை என்னும் சொல்லுக்கு முடிவு, வாயில் என்னும் பொருள்களும் உண்டு. வீட்டின் வாயிற்புறமே விற்குமிடமாகிப் பெயர் பெற்றிருக்கலாம் என உய்த்துணர இடமுண்டு. துணிந்து கூறல் அரிது.

பண்டசாலை என்னும் சொல்லின் பயணம் இன்னும் வியப்புடையது. சரக்கறையைக் குறிக்கும் இச்சொல் ஐரோப்பிய வணிகர் வாயிற் புகுந்து பாங்சால் எனத் திரிந்தது. கொழும்பு நகரின் புறக்கோட்டையில் பாங்சால் வீதி இன்றும் உளது. சரக்கறையின் பெயரைத் தெருவே தாங்கி நிற்கின்றது. தென்பாண்டி நாட்டார் வழங்கும் கிட்டங்கி என்பது கிடங்கு என்பதனோடு உறவுடையது. மலாய்மொழியின் குடாங் என்பதும் ஆங்கிலேயர் வழங்கிய கொடவுன் என்பதும் இதனோடு தொடர்புடையன என அறிஞர் கூறுவர்.

முத்துக்குளித்துறைக் கடைக்குள் நுழைந்து நோக்கின், அதன் தட்டுமுட்டுகளே வரலாறு பேசும். அலமாரி, மேசை, சாவி, ஏலம் ஆகிய நான்கும் போர்த்துக்கீசியச் சொற்களின் வழிவந்தவை. பொருளை அடுக்கும் பெட்டகமும், கணக்கெழுதும் பலகையும், பூட்டைத் திறக்கும் கோலும், விலை கூறும் முறையும் எக்காலத்துத் தொடர்பால் நம் கடைகளில் பெயர் பெற்றன என்பது இதனாற் புலனாகும். எனினும் சொல் காலத்தைக் காட்டுமேயன்றி மனையைச் சுட்டாது. மனையை அறியப் பிற சான்றுகள் வேண்டும்.

2. இடம்பெயர்ந்த அங்காடிகள்

கடற்கரை வணிகத்தின் இயல்பு, துறை பெயருங்கால் அங்காடியும் பெயர்தல். பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை, தாமிரவருணி கொணர்ந்த வண்டலாற் கடலை இழந்தது. பின்னர்க் காயல் சிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைக் கண்டு எழுதினார். அதன்பின் புன்னைக்காயலும், அதனையடுத்துத் தூத்துக்குடியும் முதன்மை பெற்றன. மணப்பாட்டிற்கு அணித்தாகிய இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், கொற்கை, காயல் ஆகியவற்றின் பழைய இடங்களை நேரிற் சென்று ஆராய்ந்தார். 1881-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் அவற்றை விளக்கினார். இன்று வயலாக உள்ள நிலம் முன்னர்த் துறையாக இருத்தல் கூடும் என்னும் உண்மையை நமக்குக் கற்பிப்பது கொற்கை. கடைமனையைத் தேடுவோர் முதலிற் கடற்கரைக் கோட்டைத் தேடல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது சலாபக் காலத்து அங்காடி. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் வெறுங்கரையில் ஓலைக் குடில்கள் எழும். குளிப்போர், வணிகர், கைவினைஞர் திரளுவர். சிப்பிகள் ஆயிரக் கணக்கில் ஏலத்திற் போகும். சிலகிழமைகளில் அவ்வூர் கலைந்துவிடும். இலங்கையின் மரிச்சுக்கட்டி இத்தகையது. தூத்துக்குடிக் கரையில் இறுதியாகச் சலாபம் நடந்தது 1961-ஆம் ஆண்டில். சுவரும் இன்றிக் கூரையும் நில்லாத இவ்வங்காடிகளைக் கட்டடத்தாற் காணவியலாது. அரசாங்கப் பதிவேடுகளாலும் முதியோர் நினைவாலுமே காணலாகும்.

3. நிறுவனத்தின் ஆண்டும் மனையின் ஆண்டும்

பெருங்கடைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இழைக்கும் பிழையொன்றுண்டு. நிறுவனம் தோன்றிய ஆண்டையே கட்டடத்தின் ஆண்டாகவும், மனையின் ஆண்டாகவும் கொள்வர். இரண்டு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவிக்கும்.

சென்னை மவுண்டுரோட்டில் டியூரண்டு, ஸ்பென்சர் என்பார் கடை தொடங்கியது 1863-ஆம் ஆண்டையொட்டி. ஆயின், யூஜின் ஓக்ஷாட்டு என்பார் உரிமையில், போக்சன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த செந்நிறப் பெருங்கட்டடத்திற்கு அக்கடை பெயர்ந்தது 1895-ஆம் ஆண்டில். அக்கட்டடம் 1980-களில் தீக்கிரையாயிற்று. அதே மனையில் எழுந்ததே ஸ்பென்சர் பிளாசா. இங்கு நிறுவனம் ஒன்று, மனை இரண்டு, இரண்டாம் மனையிலும் கட்டடம் இரண்டு. 1863 என்னும் ஆண்டை இன்றைய கட்டடத்தின்மேல் ஏற்றுவது பிழை.

கொழும்புக் கோட்டையில் உள்ள கார்கில்சு கடையின் நிலை இதற்கு மறுதலையானது. 1844-ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கூறும் அந்நிறுவனத்தின் செந்நிறக் கட்டடம் நிறைவெய்தியது 1906-ஆம் ஆண்டில். ஆயின், அம்மனை நிறுவனத்தினும் மூத்தது. காலியில் ஒல்லாந்தப் படைத்தலைவராயிருந்த பீட்டர் ஸ்லோய்ஸ்கன் இல்லமாக இருந்து, பின்னர் இலங்கையின் முதல் ஆங்கில ஆளுநராகிய பிரெடரிக் நோர்த்தின் உறையுளாகி, அதன்பின் வணிகர் கைக்கு வந்தது அது. இங்கு மனை ஒன்று. உரிமையும் பயனும் பல.

ஆகவே மனை, கட்டடம், நிறுவனம் என்னும் மூன்றனையும் வேறுவேறாக வைத்து, ஒவ்வொன்றற்கும் தனித்தனி ஆண்டு காணல் வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் முதல் விதியாகும்.

4. ஒரு கூரையும் பல கடைகளும்

மேற்கூறிய பெருங்கடைகளில் முதலாளி ஒருவர். துணி, மருந்து, உணவு முதலாகப் பிரிவுகள் பல. தமிழ் வணிகர் கடல் கடந்து அமைத்த கிட்டங்கியோ இதற்கு நேர்மாறானது. சிங்கப்பூரில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பலர் தத்தம் பெட்டியடியில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கதவெண் ஒன்று, தொழிலகங்கள் பல. ஒவ்வொன்றற்கும் விலாசம் என வழங்கப்பெற்ற முதலெழுத்துத் தொடர் அடையாளமாயிற்று.

இவ்வேறுபாட்டை உணராது, கதவெண்ணுக்கு ஒரு கடை எனக் கணக்கிட்டாற் பெருந்தவறு நேரும். பெட்டியடி அளவில் தொழில் நடத்தியோரின் இடம் நிலப்பதிவேட்டில் ஏறாது. கடிதத் தலைப்பிலும் பற்றுச்சீட்டிலும் மட்டுமே எஞ்சும். ஒரு பற்றுச்சீட்டு ஒரு கல்வெட்டுக்கு நிகராகும் இடம் இது.

5. நான்கெல்லைச் சான்று

கல்வெட்டுப் பயிற்சி உடையார்க்கு நான்கெல்லை புதியதன்று. சோழர் காலச் சாசனங்கள் கொடைநிலத்தைக் கூறுங்கால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என வரையறுத்துச் செல்லும். அவ்வெல்லைகளில் வரும் வாய்க்காலும் வதியும் கோயிலும், கொடையைவிட மிகுதியான செய்திகளை நமக்குத் தந்துள்ளன. இம்முறை இன்றைய கிரயப் பத்திரம் வரை தொடர்ந்து வருகின்றது.

கடைமனையைத் தேடுவோர் அக்கடையின் பத்திரத்தை மட்டும் நாடுதல் போதாது. பத்திரம் மறைந்திருக்கலாம், வாடகைக் கடையாயின் பத்திரமே இராது. ஆயின், அடுத்த வீட்டாரின் பத்திரம் இன்ன கிட்டங்கிக்கு மேற்கு, இன்னார் கடைக்கு வடக்கு எனக் கூறும். தன்னைப் பற்றித் தான் கூறாத கடையை அண்டை வீடு கூறிவிடும். நான்கு அண்டைப் பத்திரங்களை ஒருங்குவைத்து நோக்கின், நடுவிலுள்ள வெற்றிடமே நாம் தேடும் மனையாகும். பத்திரப் பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டினது. அதற்கு முற்பட்ட பதிவுகளும் உள. தெருப்பெயர் மாற்றத்தையும் கதவெண் மாற்றத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

6. கடல் கடந்த கடைவீதி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். மணப்பாட்டு வணிகரின் கடைமனைகளைக் கடலுக்கு அப்பால், சிறப்பாகக் கொழும்பில், தேடல் வேண்டும் என்பது எம் துணிபு. முத்துக்குளித்துறைப் பரதவ வணிகர் பலர் இலங்கையில் தொழில் நடத்தி, ஊரில் வீடெடுத்தனர். தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையிலான கப்பல் வழி எத்துணைப் பொருளுடையது என்பதற்கு, வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவியது அவ்வழிக்காகவே என்பது ஒன்றே சாலும்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1964-ஆம் ஆண்டில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை வந்தது; அவ்வாண்டின் திசம்பர்ப் புயல் தனுஷ்கோடித் துறையை அழித்தது. 1983-ஆம் ஆண்டு சூலைக் கலவரத்திற் கொழும்புத் தமிழர் கடைகள் பல எரிந்தன. கடையோடு எரிந்தவற்றுள் கணக்கேடுகளும் அடங்கும். ஆகவே, கொழும்புக் கடைவீதியின் தமிழ்ப் பகுதிக்குரிய எழுத்துச் சான்றுகளுள் எஞ்சியவற்றில் ஒரு பகுதி, அவ்வணிகர் ஊருக்குக் கொணர்ந்த பெட்டிகளிலேயே இருத்தல் கூடும். மணப்பாட்டு வீட்டுப் பரணில் உள்ள கட்டு ஒன்று கொழும்பு மனையொன்றின் வரலாற்றுக்கு ஒரே சான்றாதல் இயலும். அவ்வீடு கைமாறும் நாளில் அக்கட்டு பழந்தாளாக எடைக்குப் போகுமாயின், இருகரை வரலாறும் ஒருங்கே போகும்.

முடிவுரை

சொல்லும், கடற்கரைக் கோடும், மனை கட்டடம் நிறுவனம் என்னும் பகுப்பும், விலாசமும், நான்கெல்லையும் ஆகிய ஐந்தும் கடைமனை ஆராய்ச்சிக்குக் கருவிகள். இவற்றுள் ஒன்றனை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தகாது; இரண்டேனும் ஒத்தவிடத்தே துணிதல் வேண்டும். ஊர்ப்பெயராராய்ச்சிக்கு ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் வழிகாட்டியது போலக் கடைப்பெயர், தெருப்பெயர் ஆராய்ச்சிக்கும் வழிகாட்டிகள் தோன்றல் வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மணப்பாட்டில் ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொள்வாராக. வீட்டார் இசைவு பெற்று, பற்றுச்சீட்டு, கடிதத் தலைப்பு, கணக்கேடு, பத்திரம் ஆகியவற்றைப் படியெடுத்து, மூலத்தை வீட்டாரிடமே திருப்பி அளித்து, முதியோர் கூற்றைத் தனியே எழுதுவாராக. மற்றொருவர் கொழும்பில் பாங்சால் வீதியையும் அதன் அயலையும் எடுத்துக்கொள்வாராக. இருவர் குறிப்பும் ஒருங்கு வைக்கப்படும் நாளில் மாளிகைக்குரிய கடை எது என்பது விளங்கும். கோயிலின் ஆண்டை அறிந்த ஊர், தன் கடையின் ஆண்டையும் அறிதல் முறையே. பரணில் உள்ள ஏடுகள் நெடுநாள் நில்லா. ஆதலின் இப்பணியை விரைந்து மேற்கொள்ளல் வேண்டும்.