மிக்சி ஓடவில்லையா? கடைக்குப் போகும் முன் நாமே பார்ப்போம்!



சமீபத்தில் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். இட்லிப் பொடி, மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒரு அக்கா, புது மிக்சி வாங்க 4,000 ரூபாய் கடன் கேட்டார். "மோட்டார் போயிடுச்சு, காயில் கட்டணும்னு டவுன் கடையில சொல்லிட்டாங்க. அதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு நினைக்கிறேன்" என்றார். மிக்சியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். மோட்டார் நன்றாகவே சுற்றியது. அதன் தலையில் இருக்கும் கப்ளர்தான் பல் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புதுக் கப்ளர் 50 ரூபாய். மறுநாளே பொடி அரைத்துவிட்டார். கடன் மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

2011-ம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, நம் கிராமங்களில் மிக்சி இல்லாத வீடு குறைவு. ஆனால் மிக்சி நின்றுபோனால் எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாததால்தான் காசும் போகிறது, வேலையும் நிற்கிறது. ஆகவே தெரிந்துகொள்வோம்.

முதலில் பாதுகாப்பு

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் மிக்சியில் கை வைக்க வேண்டும். கை ஈரமாக இருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க ஓட்டும்போது முந்தானை, தலைமுடி, விரல் எதுவும் கிட்டே போகக் கூடாது.

1. சத்தமே இல்லையா?

அதே பிளக் பாயின்டில் வேறு ஒரு சாமானைப் போட்டு, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சில மிக்சிகளில் ஜார் சரியாக உட்காராவிட்டால் மோட்டார் ஓடாது. அதையும் கவனியுங்கள்.

பிறகு மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்சிகளின் அடியில் சிவப்பு நிறத்தில் சின்ன பட்டன் ஒன்று இருக்கும். அதிகச் சுமை கொடுத்தால், மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க இது தானாக வெளியே வந்து கரண்டை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, பட்டனை உள்ளே அழுத்துங்கள். ஜாரில் இருப்பதில் பாதியை எடுத்துவிட்டுப் போடுங்கள், ஓடும். அடிக்கடி பட்டன் வெளியே வந்தால் நாம் அதிகமாகப் போட்டு அரைக்கிறோம் என்று அர்த்தம்.

2. உர்ரென்று உறுமுகிறதா?

வேறு ஜாரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் மோட்டாரில் கோளாறு இல்லை, ஜாரில்தான் கோளாறு. ஜாரின் அடியில் உள்ள கப்ளரைக் கையால் திருப்பினால் பிளேடு சுலபமாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால், காய்ந்த மசாலா பிடித்திருக்கும். வெந்நீர் ஊற்றி ஊற வைத்து, கப்ளரை மெல்லத் திருப்பி விடுங்கள். பிறகு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஒழுகினாலோ, பிளேடு தண்டு ஆடினாலோ புஷ் தேய்ந்துவிட்டது. அந்தக் கறுப்பு சாப்பாட்டிலும் கலக்கும். அந்த ஜாரில் அரைக்காதீர்கள். ஜாரை மட்டும் கடைக்குக் கொண்டுபோய் புஷ் மாற்றிக்கொள்ளலாம்.

3. மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லையா?

இது கப்ளர் கோளாறு. மோட்டார் மேல் ஒன்றும் ஜாரின் அடியில் ஒன்றும் இருக்கும். இரண்டின் பற்களையும் பாருங்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பல மிக்சிகளில் அடிமூடியைக் கழற்றினால் மோட்டார் தண்டின் கீழ்முனையில் ஒரு காடி தெரியும். அதில் ஸ்குரூ டிரைவரை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள கப்ளரை மோட்டார் சுற்றும் பக்கமாகவே திருப்பினால் கழலும். ஓடும்போது தானாக இறுகும்படி மரை வெட்டியிருப்பதுதான் காரணம். எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பழைய கப்ளரைக் கையோடு கொண்டுபோய் அதே மாதிரி வாங்குங்கள்.

4. விட்டு விட்டு ஓடுகிறதா? தீப்பொறி அதிகமா?

மோட்டாரின் இரண்டு பக்கமும் கார்பன் துண்டுகள் இருக்கும். சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொண்டுபோவது இதுதான். உரசி உரசித் தேயும். லேசான பொறி சகஜம். ஆனால் பெரிதாகப் பொறி பறந்தால் கார்பனைப் பார்க்க வேண்டும். அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முதல் தடவை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

எப்போது கையை எடுக்க வேண்டும்?

தொட்டால் ஷாக் அடிக்கிறது, புகை வருகிறது, கருகின வாசனை அடிக்கிறது, ஒயர் உருகியிருக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும். அப்போதும் "என்ன பாகம் போயிருக்கு? பழசைக் காட்டுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். எர்த் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

ஒரு ஸ்குரூ டிரைவர் செட், டெஸ்டர் ஒன்று, நம் ஊரில் அதிகம் உள்ள மாடலுக்கு இரண்டு கப்ளர். இவற்றைக் குழுப் பொதுப் பணத்தில் வாங்கி வைப்போம். கைவேலை வரும் ஒரு சகோதரி பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த கூட்டத்தில் ரிப்பேரான ஒரு மிக்சியை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

புது மிக்சிக்குக் கடன் கேட்டு வரும் சகோதரியிடம், "கப்ளரைப் பார்த்தாயாம்மா?" என்று முதலில் கேட்போம். அந்த ஒரு கேள்வியில் 4,000 ரூபாய் மிச்சமாகலாம்!