கடல் தாண்டினாலும் தீராத கார்டுக் கடன்

பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் வைத்துக் கட்டி, சஹார் விமான நிலையம் வரை போய்ப் பிள்ளையை வழியனுப்பிவிட்டு, செம்பூருக்கோ டோம்பிவிலிக்கோ திரும்பி வந்த பெற்றோர் நம்மில் எத்தனையோ பேர். விசா, டிக்கெட், அங்கே தங்க இடம், குளிருக்குக் கம்பளி என்று எல்லாவற்றையும் விசாரித்திருப்போம். ஒன்றை மட்டும் கேட்க மறந்திருப்போம்: “உன் கிரெடிட் கார்டில் எவ்வளவு பாக்கி?”

கேட்காததன் பலன் மூன்று நான்கு மாதம் கழித்துத் தெரியும். கிளம்பும் அவசரத்தில் டிக்கெட்டும் துணிமணியும் கார்டில் வாங்கியிருப்பான். அங்கே போனதும் முதல் சம்பளம் வீட்டு வாடகை முன்பணத்துக்கே சரியாகிவிடும். ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவான். பிறகு ஒருநாள் வசூல்காரரின் தொலைபேசி நம் வீட்டில் ஒலிக்கும். ஓய்வு பெற்ற தகப்பனார் பதறிப்போவார்.

பதற வேண்டியதில்லை. இந்தக் கடனை அங்கிருந்தபடியே ஒழுங்காகத் தீர்க்க வழி இருக்கிறது. ஆனால் கணக்கும் விதியும் போனவருக்கும் தெரிய வேண்டும், இங்கே இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

வட்டிக் கணக்கு

கார்டு பில்லைக் கெடு தேதிக்குள் முழுவதும் கட்டுகிறவருக்கு, வாங்கிய சாமான்களுக்கு வட்டி கிடையாது. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். அதன் பிறகு வாங்கும் புதுச் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். பல வங்கிகளில் இந்த வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். பாக்கி ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி ரூ.3,500, அதன் மேல் வரி ரூ.630, ஆக ரூ.4,130. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ரூ.5,000 கட்டினால் அசலில் கழிவது ரூ.870 மட்டுமே. இப்படியே ஒரு வருடம் ரூ.60,000 கட்டிய பிறகும் சுமார் ரூ.87,000 பாக்கி நிற்கும். கார்டை மறுபடி தொடாமல் மாதம் ரூ.5,000 கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். கட்டிய மொத்தம் சுமார் ரூ.2,16,000 ஆகியிருக்கும்.

அதே ஒரு லட்சத்தை வருடத்துக்கு 14 சதவீத வட்டியில் வேறு கடனாக மாற்றிக்கொண்டால், மாதம் சுமார் ரூ.4,800 வீதம் 24 மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்தம் ரூ.1,15,000-க்குச் சற்று மேல். மாதாமாதம் கைவிட்டுப் போவது ஏறக்குறைய அதே தொகைதான். வித்தியாசம் ஒரு லட்சம் ரூபாய்!

ஆகவே முதல் வேலை, கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் நிறுத்துவது. இரண்டாவது, பாக்கியை வட்டி குறைந்த இடத்துக்கு மாற்றுவது. கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்கலாம். வீட்டு நகையின் மேல் வங்கியில் வாங்கும் கடனுக்கும் வட்டி குறைவு. பெற்றோர் தங்கள் வைப்புத்தொகையை எடுத்துக் கட்ட முன்வந்தால் கணக்குப்படி அது நஷ்டமில்லை. ஆனால் பிள்ளை மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் திருப்பி அனுப்புவான் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சொந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்

எல்லாக் கார்டுகளையும் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றின் பாக்கி, கெடு தேதி, வருடக் கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாக்கி தீர்த்து மூடிவிடலாம். கார்டைக் கத்தரித்துப் போடுவது மூடுவது ஆகாது. வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளப்படும் சந்தாக்கள், காப்பீட்டுத் தவணைகள் எவையென்று பாருங்கள். மூடிய கார்டில் காப்பீட்டுத் தவணை தவறினால் பாலிசி காலாவதியாகும் அபாயம் உண்டு.

இந்திய மொபைல் எண்ணைக் கைவிடக் கூடாது. வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செயலிழந்து பின்னால் வேறொருவர் கைக்குப் போய்விடும். விலாசத்தையும் மின்னஞ்சலையும் வங்கியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் கார்டு விஷயத்தில் கவனம் தேவை. தகப்பனார் பெயரில் உள்ள கார்டின் கூடுதல் கார்டைப் பிள்ளை எடுத்துப் போனால், அங்கே அவன் செய்யும் செலவுக்கு இங்கே பொறுப்பு தகப்பனாருக்கே. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதே மேல்.

அங்கிருந்து கட்டும் முறை

வேலைக்காக வெளிநாடு போய்க் குடியேறுகிறவர், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, இங்குள்ள தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கும் தொடங்கலாம். இரண்டிலிருந்தும் இங்குள்ள கார்டு பாக்கியைக் கட்டலாம். பழைய கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கட்டும் ஏற்பாடு செய்திருந்தால், கணக்கு மாறிய பிறகும் அது நடக்கிறதா என்று முதல் இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் அனுப்புவதைக் கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே வைத்துக்கொண்டால், வங்கி விடுமுறை குறுக்கிட்டாலும் கவலையில்லை.

கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கவோ, கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவறியதாகத் தெரிவிக்கவோ வங்கிக்கு இடமுண்டு. இந்த மூன்று நாள் அவசரத்துக்கு உதவும் சலுகை, பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

இங்கிருந்து பெற்றோர் கட்டுவதற்கு அதிகாரப் பத்திரம் எதுவும் தேவையில்லை. கார்டு எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் வங்கி வழியாகப் பணம் கட்டலாம். அதற்காக ஓ.டி.பி.யையோ ரகசிய எண்ணையோ தொலைபேசியில் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வசூல்காரர் வந்தால்

வயது வந்த பிள்ளை தன் பெயரில் வாங்கிய கார்டுக் கடனுக்கு, பெற்றோர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, அவர்களுக்குச் சட்டப் பொறுப்பு இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசி செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக் கூடாது என்பவை ரிசர்வ் வங்கி விதிகள். வருகிறவரிடம் வங்கியின் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். பணமாகக் கையில் கொடுக்காதீர்கள். பிள்ளையின் வெளிநாட்டு எண்ணை அவனைக் கேட்டுக்கொண்டு கொடுத்து, அவனே வங்கியோடு பேசட்டும் என்று சொல்லிவிடுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

‘மூன்று வருடம் தலைமறைவாக இருந்தால் கடன் போய்விடும்’

இப்படி ஒரு பேச்சு நண்பர்கள் வட்டாரத்தில் உலவுகிறது. இது தவறு. இந்தக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு என்பது உண்மைதான். ஆனால் 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 15-வது பிரிவு, பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தை அந்தக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்கிறது. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தாலும் கெடு அவருக்காகக் காத்திருக்கும்.

கட்ட முடியாமற்போவது மட்டும் குற்றமாகாது. அது சிவில் விவகாரம். ஆனால் கொடுத்த காசோலை கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குக்கு இடம் உண்டு. தானாகப் பிடிக்கும் தவணை அதே காரணத்தால் திரும்பினாலும் அப்படித்தான். எனவே கணக்கில் பணம் இராது என்று தெரிந்தால் முன்னதாகவே வங்கிக்கு எழுதி வேறு ஏற்பாடு கேட்பது நல்லது.

வங்கி ‘பாதி கட்டினால் போதும்’ என்று சமரசத்துக்கு வரலாம். எழுத்தில் கடிதம் வராமல் பணம் கட்டக் கூடாது. அப்படி முடித்த கடன், சிபில் போன்ற நிறுவனங்களின் ஏட்டில் முழுதும் தீர்த்த கடனாக அல்லாமல் சமரசக் கடனாகவே பதிவாகும். பின்னால் இங்கே வீடு வாங்கக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முடிந்தவரை முழுதும் கட்டி, ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துவதே சிறந்தது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைப் பார்த்து, மூடிய கார்டு மூடியதாகவே பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் நம்மிடம் கடனை மறைப்பது பெரும்பாலும் ஏமாற்றுவதற்காக அல்ல. அப்பா வருத்தப்படுவார் என்ற பயத்தினால்தான். அந்தப் பயத்தில் போகிற ஒவ்வொரு மாதத்துக்கும் லட்சத்துக்கு நாலாயிரம் ரூபாய் விலை. வரும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, சாப்பாட்டையும் குளிரையும் விசாரித்த பிறகு, கோபமில்லாத குரலில் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.